மேரி போவாஸ் எழுதுன மேத்ஸ் புக்: பிஸிக்ஸ் படிக்கிறவங்களுக்கு எவ்ளோ தூரம் கூட வரும்?

மேத்தமேடிக்கல் மெத்தட்ஸ் இன் த ஃபிஸிக்கல் சயின்ஸஸ். எழுதுனவங்க மேரி எல். போவாஸ், சிகாகோல டீபால் யுனிவர்சிட்டில ரொம்ப வருஷம் பிஸிக்ஸ் சொல்லிக்கொடுத்தவங்க. முதல் எடிஷன் 1966, ரெண்டாவது 1983, இப்போ கிடைக்கிற மூணாவது எடிஷன் 2005-ல வந்தது. 15 சாப்டர், 800 பக்கத்துக்கு மேல. குவாண்டம் மெக்கானிக்ஸ், எலக்ட்ரோடைனமிக்ஸ் பக்கம் போகணும் ஆனா மேத்ஸ் பத்தலைன்னு யார் கேட்டாலும் முதல்ல வர்ற பதில் இந்த புக்காத்தான் இருக்கும். நான் பிஸிக்ஸ சொந்த ஆர்வத்துல தனியா படிக்கிற ஆள், இத ரொம்ப நாளா மேசைல வெச்சுக்கிட்டு இருக்கேன், அதனால எந்த இடத்துல இது தூக்கி விடுது எந்த இடத்துல கைய விட்டுடுதுன்னு கொஞ்சம் விளக்கமாவே எழுதறேன்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். ‘இந்த புக்க முழுசா முடிச்சுட்டு அப்புறமா பிஸிக்ஸ ஆரம்பிக்கிறேன்’னு யாராவது பிளான் போட்டா அந்த பிளான் தேறாது. இது அப்படி படிக்கிற புக்கே இல்ல. பிஸிக்ஸ் புக் ஒண்ணு பக்கத்துல ஓடிட்டே இருக்கணும், அதுல எங்க மாட்டுதோ அங்க இத தொறக்கணும், அந்த சாப்டர்ல ஒரு இருபது கணக்க கைல போடணும், திரும்பி அங்கயே போகணும். அப்படி பயன்படுத்துனா இந்த புக்குக்கு ஈடு கிடையாது. வரிசையா 1-லேர்ந்து 15 வரைக்கும் வாசிச்சுக்கிட்டே போனா பாதில தூக்கம் வரும், முன்னாடி படிச்சது ஒண்ணும் ஞாபகமும் இருக்காது.

யாருக்கான புக்குன்னா, கால்குலஸ் ஒரு ரவுண்டு முடிச்சவங்களுக்கு. டிஃபரென்ஷியேஷன், இன்டக்ரேஷன், பை பார்ட்ஸ், சப்ஸ்டிட்யூஷன் இதெல்லாம் கை ஓட்டத்துல வரணும். அது வரலைன்னா இத எடுக்காதீங்க, முதல்ல அத சரி பண்ணுங்க, ஏன்னா இவங்க அத சொல்லித்தர மாட்டாங்க, தெரியும்னு எடுத்துக்கிட்டுத்தான் ஆரம்பிக்கிறாங்க. மேத்ஸ் டிபார்ட்மென்ட் ஆளுங்க இந்த புக்க பாத்தா மூஞ்ச சுளிப்பாங்க, ப்ரூஃப் கம்மி, லிமிட்ட கறாரா நிரூபிக்கிற எப்சிலான் டெல்டா சமாச்சாரம் சுத்தமா கிடையாது, பல இடத்துல இது இப்படித்தான் ஏத்துக்கோன்னு போயிடுவாங்க. எனக்கு அது குறையாவே படல. லிமிட்டையும் இன்டக்ரலையும் இடம் மாத்தலாமா கூடாதான்னு மூணு பக்கம் வாதாடுற புக்கு தனியா இருக்கு, அது வேணும்ங்கிறப்போ அத எடுத்துக்கலாம். இங்க நமக்கு வேண்டியது கணக்கு போட கை பழகுறது.

முதல் சாப்டர் இன்ஃபினிட் சீரிஸ். இத பாத்ததும் நிறைய பேர் ‘இதெல்லாம் தெரியும்’னு தாண்டிடுவாங்க, தாண்டாதீங்க. பிஸிக்ஸ்ல பாதி வேலை எதையாவது சின்னதுன்னு எடுத்துக்கிட்டு டெய்லர் சீரிஸ்ல விரிச்சு ரெண்டு டெர்ம வெச்சுக்கிட்டு மிச்சத்த தூக்கிப் போடறதுதான். ரிலேட்டிவிட்டில வர்ற எனர்ஜி ஃபார்முலாவ வேகம் கம்மின்னு வெச்சு விரிச்சா முதல் டெர்ம் எம் சி ஸ்கொயர், ரெண்டாவது நமக்கு பழகுன அரை எம் வி ஸ்கொயர், மூணாவது டெர்ம்ல 3/8 எம் வி பவர் 4 பை சி ஸ்கொயர்னு ஒரு திருத்தம் வருது, ஹைட்ரஜன் அணுவோட ஃபைன் ஸ்ட்ரக்சர் கணக்குல அந்த மூணாவது டெர்ம்தான் முக்கியமான ஒரு பங்கு. பெண்டுலமும் அப்படித்தான். ஸ்கூல்ல சொல்லித்தர்ற ஃபார்முலா சின்ன ஆட்டத்துக்கு மட்டும்தான் சரி, 30 டிகிரி வரைக்கும் ஆடவிட்டா நேரம் கிட்டத்தட்ட 1.7 சதவீதம் கூடும், 60 டிகிரின்னா முதல் திருத்தம் 6.9 சதவீதம்னு சொல்லும், நிஜமா வர்றது 7.3. இந்த மாதிரி எவ்ளோ தப்பும், அடுத்த டெர்ம் தேவையா இல்லையான்னு யோசிக்கிற பழக்கத்த இந்த சாப்டர் உண்டாக்குது. ஆமா, ஒண்ணு, ஒண்ணு பை ரெண்டு, ஒண்ணு பை மூணுன்னு கூட்டிக்கிட்டே போற ஹார்மோனிக் சீரிஸ் முடிவில்லாம வளரும்னு தெரியும், ஆனா அது 10-ஐ தாண்டவே 12,367 டெர்ம் வேணும், கம்ப்யூட்டர்ல கூட்டிப் பாத்து ‘நின்னுடுச்சு போல’ன்னு முடிவு கட்டுறவங்களுக்கு இது நல்ல பாடம்.

இதோட தொடர்ச்சி 11-வது சாப்டர்ல இருக்கு, அசிம்ப்டாட்டிக் சீரிஸ். கூட்டிக்கிட்டே போனா கடைசில வெடிச்சுடும், ஆனா முதல் சில டெர்ம் மட்டும் எடுத்தா பிரமாதமா வேலை செய்யும், அந்த வகை. ஸ்டெர்லிங் ஃபார்முலா இந்த குடும்பம்தான், 10 ஃபேக்டோரியல் 36,28,800, ஸ்டெர்லிங் தர்றது ஏறக்குறைய 35,98,696, தப்பு ஒரு சதவீதம் கூட இல்ல. இதுல என்ன சுவாரஸ்யம்னா குவாண்டம் எலக்ட்ரோடைனமிக்ஸ்ல பண்ற பெர்டர்பேஷன் சீரிஸும் இந்த மாதிரி வெடிக்கிற ரகமாத்தான் இருக்கணும்னு ஃப்ரீமன் டைசன் 1952-லயே வாதம் வெச்சார். உலகத்துலயே ரொம்ப துல்லியமா ஒத்துப்போற தியரிகள்ல ஒண்ணு நிக்கிறது இப்படிப்பட்ட சீரிஸ் மேலன்னா, அதுக்கு இந்த புக்குல கொடுத்திருக்குற சில பக்கம் ரொம்ப கம்மி. ஆனா கதவ தொறந்து விடறாங்க, அத ஒத்துக்கணும்.

இப்போ எனக்கு ரொம்ப பிடிச்ச நாலாவது சாப்டர், பார்ஷியல் டிஃபரென்ஷியேஷன். தெர்மோடைனமிக்ஸ் படிச்சவங்க எல்லாருக்கும் அந்த எரிச்சல் தெரியும், ஒவ்வொரு டெரிவேட்டிவுக்கும் பிராக்கெட் போட்டு கீழ சின்னதா ஒரு எழுத்து எழுதியிருப்பாங்க, எத மாறாம வெச்சுக்கிறோம்னு. மேத்ஸ் கிளாஸ்ல அப்படி யாரும் எழுத மாட்டாங்க, இங்க மட்டும் எதுக்குன்னு தோணும். போவாஸ் இத ஒரே உதாரணத்துல முடிக்கிறாங்க. இசட் ஈக்வல் டு எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் ஒய் ஸ்கொயர், எக்ஸும் ஒய்யும் வழக்கமான போலார் கோஆர்டினேட். இப்போ ஆர் மாறுறப்போ இசட் எப்படி மாறுது? தீட்டாவ பிடிச்சு வெச்சா 2 ஆர் காஸ் 2 தீட்டா. எக்ஸ பிடிச்சு வெச்சா மைனஸ் 2 ஆர். ஒய்ய பிடிச்சு வெச்சா பிளஸ் 2 ஆர். அதே இசட், அதே ஆர், மூணு பதில், அதுல ரெண்டுக்கு நடுவுல மைனஸ் பிளஸ்ஸே மாறுது! ‘இசட்டோட ஆர் டெரிவேட்டிவ்’னு சும்மா சொன்னா அர்த்தமே இல்லைங்கிறது இங்க பளிச்சுனு புரியும். அப்புறம் ஏன் ஒரே வாயுவுக்கு ரெண்டு ஹீட் கெப்பாசிட்டி இருக்கு, வால்யூம மாறாம வெச்சா ஐடியல் மோனோஅட்டாமிக் கேஸுக்கு மோலுக்கு 3/2 ஆர் (இந்த ஆர் கேஸ் கான்ஸ்டன்ட்), பிரஷர மாறாம வெச்சா 5/2 ஆர், அது ஏன் வேற வேற வருதுன்னு மனப்பாடம் பண்ணவே வேண்டியதில்ல. மேக்ஸ்வெல் ரிலேஷன், லெஜெண்டர் டிரான்ஸ்ஃபார்ம் எல்லாம் இதுக்கு மேல கட்டுற மாடிதான், லெஜெண்டர் டிரான்ஸ்ஃபார்ம் தெரிஞ்சா கிளாசிக்கல் மெக்கானிக்ஸ்ல லாக்ராஞ்சியன்லேர்ந்து ஹாமில்டோனியனுக்கு போறப்போ எதுவும் புதுசா தெரியாது. லாக்ராஞ்ச் மல்டிப்ளையரும் இதே சாப்டர்ல வருது, அத வெச்சுதான் ஸ்டாட்டிஸ்டிக்கல் மெக்கானிக்ஸ்ல போல்ட்ஸ்மேன் டிஸ்ட்ரிப்யூஷன வரவழைக்கிறாங்க. இந்த ஒரு சாப்டருக்காகவே புக்க வாங்கலாம்.

ஆனா மூணாவது சாப்டர், லீனியர் ஆல்ஜீப்ரா, அதுல எனக்கு மனக்குறை உண்டு. மேட்ரிக்ஸ், டிட்டர்மினன்ட், ரொட்டேஷன், ஐகன்வேல்யூ, டயகனலைசேஷன் எல்லாம் இருக்கு, கணக்கும் நல்லாத்தான் இருக்கு, ஸ்ப்ரிங்ல கட்டுன எடைகளோட நார்மல் மோட் கண்டுபிடிக்க இது போதும். குவாண்டம் மெக்கானிக்ஸுக்கு பத்தாது. அங்க வெக்டர்ங்கிறது அம்புக்குறி இல்ல, ஒரு ஃபங்ஷனே வெக்டர், ஆபரேட்டர்ங்கிறது டெரிவேட்டிவ், ஸ்பேஸ் இன்ஃபினிட் டைமென்ஷன். ஜெனரல் வெக்டர் ஸ்பேஸ்னு கடைசில ஒரு செக்ஷன் தர்றாங்க, அதோட சரி. இதுல என்ன போச்சுன்னு கேட்டா ஒரு உதாரணம் சொல்றேன். பொசிஷனும் மொமெண்டமும் கம்யூட் ஆகாது, அதாவது வரிசைய மாத்தி பெருக்குனா பதில் மாறும், எக்ஸ் பி மைனஸ் பி எக்ஸ் ஈக்வல் டு ஐ எச்-பார், இது குவாண்டம் மெக்கானிக்ஸோட அஸ்திவாரம். இத எந்த ஃபைனைட் மேட்ரிக்ஸ வெச்சும் எழுதவே முடியாது, ஏன்னா ஏ பி மைனஸ் பி ஏ-வோட டிரேஸ் (மூலைவிட்டத்துல இருக்குற எண்களோட கூட்டல்) எப்பவும் ஜீரோ, வலது பக்கம் இருக்குற ஐடென்டிட்டி மேட்ரிக்ஸோட டிரேஸ் ஜீரோ கிடையாது. ரெண்டு வரில முடிஞ்சு போச்சு. 2 பை 2, 3 பை 3 மேட்ரிக்ஸ்லயே பழகுனவனுக்கு இன்ஃபினிட் டைமென்ஷன் ஏன் கட்டாயம்னு இந்த ரெண்டு வரி சொல்லிடும், இந்த மாதிரி பார்வை உங்களுக்கு வேற லீனியர் ஆல்ஜீப்ரா புக்குலதான் கிடைக்கும். அதனால இந்த சாப்டர மட்டும் துணைக்கு இன்னொரு நல்ல லீனியர் ஆல்ஜீப்ரா புக்கோட சேத்து படிங்க, குறிப்பா டூயல் ஸ்பேஸ், ஹெர்மிஷியன் ஆபரேட்டர், ஸ்பெக்ட்ரல் தியரம்.

இங்க ஒரு வரலாறு சொல்லாம போக மனசு வரல. 1925-ல ஹைசன்பெர்க் குவாண்டம் மெக்கானிக்ஸுக்கான முதல் பேப்பர எழுதறப்போ அவருக்கு மேட்ரிக்ஸ்னா என்னன்னே தெரியாது, ஏதோ விசித்திரமான பெருக்கல் விதின்னு எழுதி வெச்சிருந்தார், அத பாத்து இது மேட்ரிக்ஸ் பெருக்கல்தான்யான்னு கண்டுபிடிச்சது மேக்ஸ் போர்ன். ஐன்ஸ்டீனும் அப்படித்தான், 1912-ல ஜூரிக் திரும்பினப்போ வளைஞ்ச ஸ்பேஸுக்கான ஜியோமெட்ரி அவர் கைல இல்ல, கூட படிச்ச மார்செல் கிராஸ்மேன்கிட்ட கேட்டு கத்துக்கிட்டு 1915 கடைசில ஃபீல்ட் ஈக்வேஷன முடிச்சார். ‘எல்லா மேத்ஸையும் முடிச்சாத்தான் பிஸிக்ஸ்’னு உக்காந்திருந்தா ரெண்டுமே நடந்திருக்காது. அவங்க மேதைங்கன்னு சொல்லுவீங்க, சரிதான், ஆனா தேவை வந்தப்புறம் கத்துக்கிட்ட மேத்ஸ்தான் நிக்கும்ங்கிறது மேதைங்களுக்கு மட்டும் உள்ள விதி இல்ல.

அஞ்சாவது, ஆறாவது சாப்டர், மல்டிபிள் இன்டக்ரல், வெக்டர் அனாலிசிஸ். எலக்ட்ரோடைனமிக்ஸ் புக்குகள்லயே முதல் சாப்டர்ல இது வந்துடும், அதனால இங்க சீக்கிரமா போயிடலாம். ஜெகோபியன் மட்டும், அதாவது கோஆர்டினேட் மாத்தறப்போ இன்டக்ரல்ல வந்து ஒட்டிக்கிற பெருக்கல் காரணி, நல்லா பழகிக்கோங்க. காஸ் தியரத்தையும் ஸ்டோக்ஸ் தியரத்தையும் படம் போட்டு விளக்குறது தெளிவா இருக்கு, அவ்ளோதான்.

ஏழாவது சாப்டர் ஃபூரியே சீரிஸ், டிரான்ஸ்ஃபார்ம். ஃபூரியே இந்த வேலைய பண்ணது வெப்பம் எப்படி பரவுதுங்கிற கேள்விக்காக, அவரோட பெரிய நூல் 1822-ல வந்தது. சதுர அலைய சைன் அலைகளா பிரிச்சு கூட்டுனா தாவுற இடத்துல ஒரு கொம்பு மாதிரி எகிறும், எவ்ளோ டெர்ம் சேத்தாலும் அந்த எகிறல் தாவலோட உயரத்துல ஏறக்குறைய 9 சதவீதத்துக்கு கீழ இறங்காது, கிப்ஸ் ஃபினாமினன். இத நீங்களே ஒரு ஸ்கிரிப்ட் எழுதி பிளாட் போட்டு பாருங்க, படிக்கிறத விட பாக்குறது மண்டைல ஏறும். காஸியனோட டிரான்ஸ்ஃபார்ம் இன்னொரு காஸியன், ஒண்ணு ஒல்லியானா இன்னொண்ணு குண்டாகும், அன்சர்டன்ட்டி பிரின்சிபிள் இதுக்குள்ளயே இருக்குன்னு இந்த சாப்டர் கணக்குகள போட்டு முடிக்கிறப்போ தானா தெரியும். டெல்டா ஃபங்ஷனும் கிரீன் ஃபங்ஷனும் எட்டாவது சாப்டர்ல, டிஃபரென்ஷியல் ஈக்வேஷனோட சேந்து வருது. கிரீன் ஃபங்ஷனுக்கு இன்னும் இடம் கொடுத்திருக்கலாம். எலக்ட்ரோடைனமிக்ஸ்லேர்ந்து குவாண்டம் ஃபீல்ட் தியரி வரைக்கும் அது விடாது கருப்பா துரத்தும், இங்க ஒரு அறிமுகத்தோட விட்டுட்டாங்க.

இப்போ 12, 13. இங்கதான் வரிசைய மாத்தணும்னு நான் சொல்லுவேன். 12-வது சாப்டர் லெஜெண்டர், பெசல், ஹெர்மைட், லாகேர்னு ஒரு படையே வருது, பவர் சீரிஸ் போட்டு கோஎஃபிஷியன்ட் கண்டுபிடி, ரிகர்ஷன் எழுது, ஆர்த்தோகனாலிட்டி நிரூபி, இப்படியே போகும். இது எதுக்குன்னு தெரியாம படிச்சா கொடுமையா இருக்கும். பதில் 13-வது சாப்டர்ல, பார்ஷியல் டிஃபரென்ஷியல் ஈக்வேஷன்ல இருக்கு. லாப்லாஸ் ஈக்வேஷன கோளத்துல வெச்சு வேரியபிள பிரிச்சா லெஜெண்டர் வந்து நிக்கும், வட்டமான தோல் அதிர்றத எழுதுனா பெசல் வரும், குவாண்டம் ஹார்மோனிக் ஆசிலேட்டருக்கு ஹெர்மைட், ஹைட்ரஜன் அணுவுக்கு லாகேர். அதாவது இந்த ஃபங்ஷன் எல்லாம் யாரோ உக்காந்து யோசிச்சு உண்டாக்குனது இல்ல, எந்த வடிவத்துல எந்த ஈக்வேஷன வைக்கிறோமோ அதுவே கேட்டு வாங்கிக்குது. அதனால 13-ஓட முதல் சில செக்ஷன முதல்ல படிங்க, செவ்வகத் தகடுல வெப்பம், கம்பி அதிர்வு வரைக்கும் ஸ்பெஷல் ஃபங்ஷன் எதுவும் வேண்டாம், சைனும் காஸும் போதும். உருளையும் கோளமும் வர்றப்போ அங்க மாட்டும், அப்போ 12-க்கு திரும்பி வாங்க.

வட்டத் தோல் கணக்க கட்டாயம் போட்டுப் பாருங்க. பெசல் ஃபங்ஷன்களோட ஜீரோக்கள்ல சிலது 2.405, 3.832, 5.520ன்னு வரும், இதுதான் அதிர்வோட ஃப்ரீக்வென்சிகள தீர்மானிக்குது. முதல் ஒண்ணால வகுத்தா 1.593, 2.295. முழு எண்ணே கிடையாது. கம்பில 1, 2, 3ன்னு அழகா வர்றது இங்க வரல, அதனாலதான் சீரான வெறும் தோல தட்டுனா கம்பி மாதிரி சுத்தமான ஸ்வரம் வர்றதில்ல. ஒரு டேபிள்ல இருக்குற எண்ணுக்கும் காதுல விழற சத்தத்துக்கும் நேரா கோடு போட்ட மாதிரி இருக்கும். ஸ்பெஷல் ஃபங்ஷன் மேல இருந்த வெறுப்பெல்லாம் எனக்கு இதோட போச்சு.

ஒன்பதாவது சாப்டர், கால்குலஸ் ஆஃப் வேரியேஷன்ஸ், புக்குலயே சின்ன சாப்டர்கள்ல ஒண்ணு, ஆனா கடைஞ்செடுத்த வெண்ணெய். ஒரு புள்ளிலேர்ந்து இன்னொரு புள்ளிக்கு உராய்வில்லாம சறுக்கி சீக்கிரமா போக எந்த வளைவு சரிங்கிற கேள்விய 1696-ல யோஹான் பெர்னூலி சவாலா விட்டார், நியூட்டன் பேர் போடாம பதில் அனுப்பினார், விடை சைக்ளாய்டு. அந்த கணக்குலேர்ந்து ஆயிலர் ஈக்வேஷன், அதுலேர்ந்து லாக்ராஞ்ச் ஈக்வேஷன்ஸ்னு மளமளன்னு போயிடறாங்க. தியரட்டிக்கல் பிஸிக்ஸ்ல மேல போகப் போக எல்லா தியரியுமே ஆக்‌ஷன்னு ஒரு இன்டக்ரல எழுதி அத வேரி பண்றதுலதான் ஆரம்பிக்குது, ஜெனரல் ரிலேட்டிவிட்டியும் அப்படி, பார்ட்டிகிள் பிஸிக்ஸோட ஸ்டாண்டர்ட் மாடலும் அப்படி, ஃபைன்மேன் 1948-ல எழுதுன பாத் இன்டக்ரலும் அதே ஆக்‌ஷன் மேலதான். இந்த சாப்டர தள்ளிப் போடாதீங்க, ஒண்ணு, நாலு முடிச்ச உடனே இங்க குதிச்சுடலாம், நடுவுல இருக்குறது பெருசா எதுவும் தேவைப்படாது.

14-வது, காம்ப்ளெக்ஸ் வேரியபிள். ரெசிட்யூ தியரம் வரைக்கும் நல்ல ஓட்டம். சைன் எக்ஸ் பை எக்ஸ மைனஸ் இன்ஃபினிட்டிலேர்ந்து பிளஸ் இன்ஃபினிட்டி வரைக்கும் இன்டக்ரேட் பண்ணா விடை π (அந்த 3.14) வரும், சாதாரண கால்குலஸ்ல தலகீழா நின்னாலும் லேசுல வராது, கான்டூர் போட்டா நாலு வரி. ஃபீல்ட் தியரில ப்ராபகேட்டர்னு ஒண்ணு வரும், டினாமினேட்டர்ல ஐ எப்சிலான்னு ஒரு குட்டி டெர்ம் ஒட்டிக்கிட்டு இருக்கும், அது போல்னு சொல்ற, ஃபங்ஷன் வெடிக்கிற புள்ளிய எந்தப் பக்கமா சுத்திப் போறோம்னு சொல்ற குறி. இந்த சாப்டர் கணக்கு போட்டவங்களுக்கு அது சாதாரணம், போடாதவங்களுக்கு மாய மந்திரம். பிராஞ்ச் கட் விஷயத்துல இன்னும் நிறைய கணக்கு வேணும், அது என் கருத்து. கான்ஃபார்மல் மேப்பிங் அழகா இருக்கும், அவசரம் இல்ல.

டென்ஸர், பத்தாவது. இனெர்ஷியா டென்ஸர், க்ரோனெக்கர் டெல்டா, லெவி-சிவிட்டா, கர்விலீனியர் கோஆர்டினேட் எல்லாம் உண்டு, இன்டெக்ஸ் போட்டு எழுதற பழக்கம் வந்துடும், அந்த வகைல ரொம்ப உபயோகம். ஆனா ஜெனரல் ரிலேட்டிவிட்டிக்கு இத நம்பி போகாதீங்க. மேனிஃபோல்ட், பேரலல் டிரான்ஸ்போர்ட், ரீமன் கர்வேச்சர், நாலு டைமென்ஷன்ல 20 சுதந்திரமான காம்பொனன்ட் உள்ள அந்த ராட்சசன், இதுக்கெல்லாம் இங்க இடம் இல்ல. ஜெனரல் ரிலேட்டிவிட்டி புக்குகளே பெரும்பாலும் தனக்கு வேண்டிய ஜியோமெட்ரிய தானே சொல்லிக்கொடுத்துடும், அதனால தனியா டிஃபரென்ஷியல் ஜியோமெட்ரி புக்க தேடி ஓடணும்னு இல்ல.

நிஜமான ஓட்டைன்னா குரூப் தியரிதான், சிமெட்ரிய பத்தின மேத்ஸ். மூணாவது சாப்டர்ல சின்னதா ஒரு செக்ஷன், குரூப்னா என்னன்னு டெஃபினிஷன், சில உதாரணம், முடிஞ்சது. லை குரூப், லை ஆல்ஜீப்ரா, ரெப்ரசென்டேஷன், எதுவும் இல்ல. ஸ்பின் புரியணும்னா எஸ்யூ 2-ங்கிற குரூப் வேணும், குவார்க் பக்கம் போகணும்னா எஸ்யூ 3. ஒமேகா மைனஸ் பார்ட்டிகிள் இருக்கணும்னு கெல்-மான் 1962-ல சொன்னது எஸ்யூ 3 ரெப்ரசென்டேஷன்ல பத்து இடத்துல ஒண்ணு காலியா இருந்தத வெச்சு, 1964-ல அமெரிக்காவோட ப்ரூக்ஹேவன் லேப்ல அது கிடைச்சது. அந்த மாதிரி ஒரு விஷயத்த ரசிக்கக்கூட இந்த புக்கு தர்ற குரூப் தியரி பத்தாது. பார்ட்டிகிள் பிஸிக்ஸ் ஆசை இருக்கறவங்க இதுக்கு தனியா ஒரு புக்கு எடுத்து வெச்சுக்கணும், வேற வழியில்ல.

கடைசி சாப்டர் ப்ராபபிலிட்டி, ஸ்டாட்டிஸ்டிக்ஸ். பரவால்ல. லேப்ல எரர் கணக்கு போடறவங்களுக்கும் ஸ்டாட்டிஸ்டிக்கல் மெக்கானிக்ஸ் ஆரம்பிக்கிறவங்களுக்கும் ஓகே.

இந்த புக்கோட உசுரு கணக்குகள்ல இருக்கு. ஒவ்வொரு செக்ஷன் முடிவுலயும் குவியலா இருக்கும், சுலபத்துலேர்ந்து மெதுவா ஏறும், நிறைய நேரா பிஸிக்ஸ்லேர்ந்து எடுத்தது. கடைசில தேர்ந்தெடுத்த கணக்குகளுக்கு மட்டும் விடை இருக்கு, எல்லாத்துக்கும் இல்ல, தனியா படிக்கிறவங்களுக்கு இது ஒரு தொல்லைதான். மாணவர்களுக்குன்னு ஒரு சொல்யூஷன் மேனுவல் தனியா உண்டு, அதுலயும் சிலது மட்டும்தான். விடை இல்லாத கணக்குக்கு நான் பண்றது, ஏதாவது ஒரு எண்ண போட்டு கம்ப்யூட்டர்ல நியூமரிக்கலா சரிபாக்குறது, இன்டக்ரலா இருந்தா அஞ்சு நிமிஷ வேலை. இல்லைன்னா லிமிட் வெச்சு பாக்கலாம், உராய்வ ஜீரோ ஆக்குனா பழைய பதில் வருதா, தூரத்த பெருசாக்குனா ஃபீல்ட் குறையுதா, யூனிட் ஒத்துப்போகுதா. சொல்லப்போனா விடை பாத்து டிக் அடிக்கிறத விட இதுல கத்துக்கிறது அதிகம், பிஸிக்ஸ்ல நாளைக்கு யாரும் பின்பக்கத்துல விடை அச்சடிச்சு தரப் போறதில்லயே.

மத்த புக்குகளோட ஒப்பிட்டா, ஆர்ஃப்கன் புக்கு இதவிட கனம், ஏற்கனவே ஒரு தடவ கத்துக்கிட்டவங்க புரட்டிப் பாக்க ஏத்தது, முதல் தடவ கத்துக்க அதுக்குள்ள போனா மூச்சு முட்டும். ரைலி, ஹாப்ஸன், பென்ஸ் மூணு பேர் சேந்து எழுதுனது ஆயிரம் பக்கத்துக்கு மேல, குரூப் தியரியும் ரெப்ரசென்டேஷன் தியரியும் அதுல தனித்தனி சாப்டரா இருக்கு, ஒத்தப்படை கணக்குக்கெல்லாம் சொல்யூஷன் மேனுவல் கிடைக்கும், தனியா படிக்கிறவங்களுக்கு அது பெரிய பலம். ஆனா விளக்குற விதத்துல போவாஸ்கிட்ட இருக்குற அந்த பொறுமை, பக்கத்துல உக்காந்து சொல்ற தொனி, அது ரெண்டுலயும் எனக்கு கிடைக்கல. ஒண்ணுதான் வாங்க முடியும்னா போவாஸ். ரெண்டு வாங்கலாம்னா போவாஸும் ரைலியும்.

எந்த நேரத்துல எதுன்னு கேக்கறவங்களுக்கு, கிளாசிக்கல் மெக்கானிக்ஸ் தொடங்கறப்போ 1, 4, 8, 9. எலக்ட்ரோடைனமிக்ஸுக்கு 5, 6, அப்புறம் 13-ம் 12-ம் நான் சொன்ன மாதிரி கலந்து. குவாண்டம் மெக்கானிக்ஸுக்கு 2, 3, 7, கூடவே அந்த தனி லீனியர் ஆல்ஜீப்ரா புக்கு. 14-அ ஃபீல்ட் தியரி பக்கம் எட்டிப் பாக்கறதுக்கு முன்னாடி முடிச்சா போதும், 10 ரிலேட்டிவிட்டி ஆரம்பிக்கிறப்போ.

எடிஷன் பத்தி. பழைய ரெண்டாவது எடிஷன் கைல கிடைச்சா தாராளமா எடுத்துக்கலாம், விஷயம் பெரும்பாலும் அதேதான், ஆனா நான் மேல சொன்ன சாப்டர் நம்பர் அதுக்கு முழுசா பொருந்தாது. அதுல ஐகன்வேல்யூ, டயகனலைசேஷன் எல்லாம் டென்ஸரோட சேந்து பத்தாவது சாப்டர்ல இருக்கும், மூணாவது எடிஷன்லதான் அத மூணாவது சாப்டருக்கு கொண்டு வந்தாங்க. இன்டக்ரல் டிரான்ஸ்ஃபார்ம்ஸும் பழசுல கடைசி பக்கம் தனி சாப்டரா இருக்கும், புதுசுல அத பிரிச்சு ஃபூரியேவ ஏழுலயும் லாப்லாஸ எட்டுலயும் சேத்துட்டாங்க. கம்ப்யூட்டர வெச்சு பிளாட் போடு, சரிபாருன்னு சொல்ற கணக்கெல்லாம் புதுசுலதான் நல்லா இருக்கு, அதுக்காக ஒண்ணும் பழச தூக்கிப் போட வேண்டாம்.